வெல்ஷ் மொழித் தேர்வு: வலி மிகும் இடமும் வலி குறையும் இடமும்

வெல்ஷ் படிக்கத் தொடங்குபவர் முதல் மாதத்திலேயே திகைத்து நிற்கும் இடம் அகராதி. வாசித்த சொல் அதில் கிடைக்காது. வடக்கு வேல்ஸில் பாங்கோர் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குப் போவதென்றால் 'இ வாங்கோர்'. அந்த ஊரில் இருப்பதென்றால் 'அம் மாங்கோர்'. நமக்குச் சொல்லின் வால் மாறிப் பழக்கம்: ஊருக்கு, ஊரில், ஊரிலிருந்து. வெல்ஷில் தலை மாறுகிறது.

வயது வந்தோருக்காக வேல்ஸின் தேர்வு வாரியமான டபிள்யூ.ஜே.இ.சி நடத்தும் தேர்வுகள் நான்கு நிலை: நுழைவு, அடித்தளம், இடைநிலை, உயர்நிலை. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இவை ஏ1 முதல் பி2 வரை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் எல்லாவற்றிலும் இந்தத் தலைமாற்றம் குறுக்கே வரும். ஆகவே முதலில் அதையே பிடியுங்கள்.

தமிழ் படித்தவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. 'அந்த'வுக்குப் பின் வலி மிகும், 'பல'வுக்குப் பின் மிகாது என்று பள்ளியிலேயே பழகிவிட்டோம். முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்துப் பின்னால் வரும் சொல்லின் முதல் எழுத்தை முடிவு செய்யும் பழக்கம் அது. வெல்ஷிலும் அதே வேலைதான். நமக்கு வலி மிகும் இடத்தில், அவர்களுக்குப் பெரும்பாலும் வலி குறையும்.

தலைமாற்றம் மூன்று வகை. முதலாவதான மென்மாற்றம் ஒன்பது மெய்களைத் தொடும். 'பல்'லில் உள்ள ப 'அம்பு'வில் உள்ள ப ஆகும். 'தலை'யின் த 'பந்து'வின் த ஆகும். 'கல்'லின் க 'சங்கு'வின் க ஆகும். சொல் இயல்பாகவே இந்த மெல்லொலிகளில் தொடங்கினால் அடுத்த படி: 'அம்பு'வின் ப வகரமாகும், 'பந்து'வின் த 'அது' என்னும்போது வரும் மெல்லிய த ஆகும், 'சங்கு'வின் க ஒலியே இல்லாமல் மறையும். மகரமும் வகரமாகும். மூச்சு லகரமும் மூச்சு ரகரமும் வெறும் ல, ர ஆகும். மூச்சு லகரம் என்பது லானெல்லி போன்ற ஊர்ப் பெயர்களில் வரும் அந்தப் புகழ்பெற்ற ஒலி. நாக்கை ல சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல், பக்கவாட்டில் காற்றை ஊதினால் வந்துவிடும்.

மூக்கின மாற்றம் சில இடங்களில்தான். 'என்' என்று பொருள்படும் 'வ', 'இல்' என்று பொருள்படும் 'அன்' இரண்டும் முக்கியம். இங்கே 'அன்' என்ற சொல்லும் சேர்ந்து மாறும்: கைர்தீத் (கார்டிஃப்) நகரில் என்பது 'அங் ஙைர்தீத்'. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 'அன்' என்பதை அப்படியே விட்டுவிடுவது எழுத்துத் தேர்வில் அடிக்கடி நிகழும் பிழை. மூன்றாவதான மூச்சொலி மாற்றம் வெல்ஷின் க, த, ப மூன்றுக்கு மட்டும். 'உம்' என்னும் பொருளில் வரும் 'அ' அதைத் தூண்டும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்பதற்கு 'பாரா அ ஃகவுஸ்' என்று ஒரு தொடரை மனத்தில் வைத்தால் விதி மறக்காது. பாலாடைக்கட்டியின் சொந்தப் பெயர் 'கவுஸ்'.

தூண்டும் சொற்களில் முதலில் மனப்பாடம் செய்யவேண்டியவை பன்னிரண்டு முன்னிடைச்சொற்கள்: அம், ஆர், ஆட், கான், ஹெப், இ, ஓ, தான், த்ரோஸ், த்ரூய், உர்த், ஹீட். எல்லாமே மென்மாற்றம் தரும். ஒரே மூச்சில் பாட்டாகச் சொல்லிப் பழகுங்கள்.

மிகுதியாகக் குழப்புவது 'அன்'. பார்வைக்கு ஒன்று, வேலையில் மூன்று. வினைக்கு முன் வந்தால் எந்த மாற்றமும் இல்லை. பெயரடைக்கு முன் வந்தால் மென்மாற்றம். பெரிய என்னும் 'மவுர்', 'அன் வவுர்' ஆவது அப்படித்தான். எல்லோரும் முதல் நாளே கற்கும் 'தியோல்ஃக் அன் வவுர்', அதாவது மிக்க நன்றி, இதற்குச் சான்று. ஆனால் மூச்சு ல, மூச்சு ர இங்கே மாறாது. 'இல்' என்ற பொருளில் வந்தால் மூக்கின மாற்றம். 'த்வீன் பியூ அம் மாங்கோர்', நான் பாங்கோரில் வசிக்கிறேன் என்ற வாக்கியத்தில் இரண்டு 'அன்' இருக்கின்றன: முதலாவது 'த்வீன்' இறுதியில் ஒட்டி நின்று வினையைத் தொடாமல் விடுகிறது, இரண்டாவது ஊரை மாற்றுகிறது. இதோடு 'த்வீன் தோத் ஓ வாங்கோர்', நான் பாங்கோரிலிருந்து வருகிறேன் என்பதையும் சேர்த்துப் படித்தால் நாலு விதிகள் இரண்டு வாக்கியத்தில் அடங்கும். அட்டைகளில் தனிச்சொல் எழுதாதீர்கள். இப்படித் தூண்டும் சொல்லோடு தொடராக எழுதுங்கள். மாற்றப் பட்டியலை மட்டும் உருப்போட்டவர் பேசும்போது தேடிக்கொண்டே நிற்பார்.

அகராதி பார்க்கப் பின்னோக்கிச் செல்லவேண்டும். வகரத்தில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் முதலில் 'அம்பு'வின் பகரத்தில், பிறகு மகரத்தில் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்குவது கிடைக்காவிட்டால் முன்னால் 'சங்கு'வின் க சேருங்கள்: தோட்டத்தை 'அர் ஆர்த்' ('அர்' என்பது ஆங்கிலத்தின் 'the') என்று வாசித்தால் அகராதியில் அது 'கார்த்'. லகரத்தில் தொடங்கினால் இரண்டு வாய்ப்பு: மூச்சு ல, அல்லது மறைந்த க. இன்னொன்று, வெல்ஷ் எழுத்துகள் 29. இரண்டு உருக்கள் சேர்ந்து ஓர் எழுத்தாக எண்ணப்படுவன அவற்றில் எட்டு. அதனால் மூச்சு லகரச் சொற்கள் எல்லாம் சாதாரண லகரச் சொற்கள் முடிந்த பின்புதான் வரும்.

பேச்சுத் தேர்வில் ஆம், இல்லை என்று பொதுவாக ஒரு சொல் கிடையாது. கேள்வியின் வினையையே திருப்பிச் சொல்லவேண்டும். 'வந்தீர்களா?' என்றால் 'வந்தேன்' என்கிறோமே, அதுபோல. எளிய இறந்தகாலக் கேள்விக்கு மட்டும் 'தோ', 'நாதோ' என்ற இரண்டு போதும். உடைமைக்கும் தனி வினை இல்லை: 'என்னிடம் கார் இருக்கிறது' என்ற தமிழ் அமைப்பை மனத்தில் வைத்து யோசித்தால் வேகமாக வரும். வடக்கில் 'மை கென் இ கார்', தெற்கில் 'மை கார் கத வி'. வடக்கு வடிவத்தில் காரின் முதல் ஒலி மென்மையாகும், தெற்கில் ஆகாது. பாடநூல்கள் வடக்கு, தெற்கு எனத் தனித்தனியே வருகின்றன; ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். 'இப்போது' என்பதற்குத் தெற்கில் எழுதுவதைப் பின்னிருந்து வாசித்தால் வடக்குச் சொல் வந்துவிடும்!

எண்ணுக்குப் பின் பெயர் ஒருமையிலேயே நிற்கும், 'நாலு மாடு' போல. இதில் தமிழர் பிழை செய்ய வாய்ப்பு குறைவு.

கார்னிஷ், பிரெத்தோன் இரண்டும் வெல்ஷின் உடன்பிறப்புகள். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மேங்க்ஸ் மூன்றும் ஒன்றுவிட்ட கிளை. வெல்ஷில் பகரம் உள்ள பல இடங்களில் அங்கே ககரம் வரும்: ஐந்து வெல்ஷில் 'பிம்ப்', ஐரிஷில் 'கூக்'. ஐரிஷிலும் தலை மாறும். ஆனால் அதன் மூக்கின மாற்றத்தில் பழைய எழுத்தை அழிக்காமல் புதியதை முன்னால் சேர்த்து எழுதுவார்கள். ஐரிஷ் தெரிந்தவர் வெல்ஷுக்கு வரும்போது அகராதியில் தடுமாறுவது இதனால்தான்.

2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 5,38,300 பேர், மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 சதவீதம். அடர்த்தி மிகுந்த இடம் வடமேற்கின் குவினெத். பேச்சுத் தேர்வுக்குமுன் காதைப் பழக்க வெல்ஷ் மொழி வானொலியான ரேடியோ கம்ரியை நாள்தோறும் அரைமணி நேரம் கேளுங்கள். தாய்மொழியாகப் பேசுபவர்களே மூக்கின மாற்றத்துக்குப் பதில் மென்மாற்றம் சொல்வது காதில் விழும். பேச்சுத் தேர்வில் மாற்றத்தைத் தேடி வாக்கியத்தை நடுவில் நிறுத்தாதீர்கள்; எழுத்துத் தேர்வில் மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தை ஒவ்வொரு 'அன்'னையும் திரும்பப் பார்க்க ஒதுக்குங்கள்.