கிரேட் ஜார்ஜ் தெரு, 7ஆம் எண் வீடு

இங்கிலாந்தின் துறைமுக நகரான பிரிஸ்டலின் அடிமை வணிக வரலாற்றைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போவது எம் ஷெட் அருங்காட்சியகத்துக்குத்தான். 2020 ஜூன் 7 அன்று மக்கள் பெயர்த்தெடுத்துத் துறைமுக நீரில் தள்ளிய அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலை, மேலே தெளித்த சாயம் கலையாமல் அங்கே கிடத்தப்பட்டிருக்கிறது. நானும் பார்த்தேன். ஆனால் எனக்கு அந்த வரலாறு உறைத்தது கிரேட் ஜார்ஜ் தெருவில்தான்.

கரீபியக் கடலின் நெவிஸ் தீவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்த ஜான் பின்னி, 1790ஐ ஒட்டிக் கட்டிய வீடு அது. இன்று ஜார்ஜியன் ஹவுஸ் அருங்காட்சியகம். நான் போன அன்று ஆசிரியை ஒருவர் தம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார். மாடியின் அழகிய அறைகளை விரைவாகக் காட்டிவிட்டுச் சமையற்கட்டில் நிறுத்தி, "இந்த வீட்டில் விடியற்காலையில் முதலில் எழுந்தவர் யாராக இருக்கும்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. பிறகுதான் பெரோ ஜோன்ஸைப் பற்றிச் சொன்னார்: 1765இல் பின்னி அவரை விலைக்கு வாங்கியபோது அவருக்கு வயது 12, அவருடைய சகோதரிகள் இருவரும் உடன் வாங்கப்பட்டார்கள், 1783இல் பிரிஸ்டலுக்கு அழைத்து வரப்பட்ட அவர் 1798இல் இறந்தார். "என் அண்ணனுக்கும் 12 வயதுதான்" என்றாள் ஒரு சிறுமி, மெல்லிய குரலில்.

பிரிஸ்டல் கப்பல்கள் 2,000க்கும் மேற்பட்ட பயணங்களில் ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்றன என்பதை ஆசிரியை அதன் பிறகே சொன்னார். அந்த வரிசை மிகச் சரி என்று எனக்குப் பட்டது. எண்ணிக்கையை முதலில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது, அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு எதுவும் இல்லை என்று கேட்டதும் அவர்கள் கோபப்பட்டார்கள். அந்த வீட்டுக்குள் நின்று கேட்டதால் வந்த கோபம் அது. கீழே துறைமுகத்தில், 1999இல் திறக்கப்பட்டுப் பெரோவின் பெயர் சூட்டப்பட்ட நடைபாலத்தைக் கடந்து அவர்கள் திரும்பினார்கள்.

மறுநாள் நான் மட்டும் ஹென்பரியிலுள்ள புனித மரியாள் தேவாலயத்துக்குப் போனேன். 1720 டிசம்பர் 21 அன்று, 18 வயதில் இறந்த ஸ்கிபியோ ஆப்பிரிக்கானஸ் என்ற கறுப்பினப் பணியாளரின் கல்லறை அங்கே இருக்கிறது. தலைமாட்டுக் கல்லில் கறுப்பு முகம் கொண்ட தேவதூதக் குழந்தைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவரை வைத்திருந்த பிரபுவின் பெயர் பட்டங்களோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. இறந்தவருக்கோ ரோமானியத் தளபதி ஒருவரின் பெயர்; பெற்ற தாய் அவரை என்ன சொல்லி அழைத்தாள் என்பது அந்தக் கல்லில் இல்லை.