ஆளில்லாத வாரங்களிலும் காவல் காக்கும் சேவையகம் எது?

கும்பகோணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பாத்திரக் கடைகள், சுவாமிமலைச் சிற்பக்கூடங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவற்றின் இணையதளங்களைப் பராமரித்து வருகிறேன். இவற்றுக்கு முழுநேர நிர்வாகி கிடையாது. சம்பா நடவு தொடங்கிவிட்டால் கடவுச்சொல் வைத்திருப்பவரே வயலில்தான் இருப்பார். ஆகவே, ஒரு வலைச் சேவையகம் (தளத்தின் பக்கங்களைப் பார்வையாளர்களுக்கு அனுப்பும் மென்பொருள்) எவ்வளவு வேகமானது என்பதைவிட, எவரும் கவனிக்காத வாரங்களிலும் அது பாதுகாப்பாக இருக்குமா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

1995இல் வெளிவந்த அப்பாச்சி என்ற சேவையகத்தின் பெரும் வசதி, ஒவ்வொரு கோப்புறைக்கும் தனி விதிகளை எழுத இடமளிக்கும் எச்டிஆக்சஸ் கோப்பு. ஆபத்தும் அதே வழியில்தான் வருகிறது: படங்களைப் பதிவேற்றும் கோப்புறையில் அந்நியர் ஒருவர் அத்தகைய கோப்பை வைத்துவிட்டால், சாதாரணப் படக்கோப்பையே சேவையகத்தில் ஓடும் பிஎச்பி மொழி நிரலாக இயக்கச் செய்துவிட முடியும். 2021 அக்டோபரில் 2.4.49 பதிப்பில் வெளிப்பட்ட ஓட்டையும் இங்கே நினைவுகூரத் தக்கது. தளத்தின் எல்லைக்கு வெளியே உள்ள கோப்புகளை எட்டவிட்ட அந்தக் குறைக்கு 2.4.50இல் தந்த திருத்தம் போதாமல், சில நாட்களிலேயே 2.4.51 வெளியிடப்பட்டது. ஆனால், வெளிக் கோப்புறைகள் அனைத்தையும் மறுக்கும் வழக்கமான இயல்பமைப்பை மாற்றாமல் வைத்திருந்தவர்களிடம் அத்தாக்குதல் பலிக்கவில்லை.

இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் (nginx) சேவையகம், சில செயல்முறைகளை (கணினியில் தனித்தனியாக ஓடும் நிரல்களை) மட்டும் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்குகிறது. மெதுவான கைபேசி இணைப்பில் சிற்பப் படங்களைப் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் அப்பாச்சியின் பழைய ப்ரீஃபோர்க் முறை ஒரு முழுச் செயல்முறையை ஒதுக்குவதால், நினைவகம் குறைந்த வாடகைக் கணினி விரைவில் திணறும். இணைப்பை வேண்டுமென்றே இழுத்தடிக்கும் ஸ்லோலோரிஸ் தாக்குதலும் இதே பலவீனத்தைத்தான் குறிவைக்கிறது. எஞ்சின்எக்ஸில் நான் அஞ்சுவது அமைப்புக் கோப்பைத்தான். இணைய முகவரி ஒன்றை வேறொரு கோப்புறையோடு இணைக்கும் ஏலியஸ் விதியை எழுதும்போது, அந்த முகவரியைக் குறிக்கும் லொக்கேஷன் பாதையின் இறுதியில் ஒரு சாய்கோடு விடுபட்டால், மேல் கோப்புறையின் கோப்புகள் வெளியே தெரிந்துவிடும்.

புதிய தளங்களுக்கு இப்போது கேடி சேவையகத்தையே பரிந்துரைக்கிறேன். கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருப்பதால், ஒதுக்கிய இடத்தை மீறி எழுதும் நினைவக வழிதல் வகைப் பிழைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. இணைப்பை மறையாக்க லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் குறுகிய காலச் சான்றிதழையும் அதுவே வாங்கி அதுவே புதுப்பிக்கிறது. எச்டிஆக்சஸை அது படிப்பதில்லை; எனவே அதை நம்பியிருக்கும் பழைய வேர்ட்பிரஸ் தளங்களை, பதிவேற்றக் கோப்புறையில் நிரல் இயக்கத்தைத் தடைசெய்துவிட்டு, அப்பாச்சியிலேயே விட்டுவிடுகிறேன்.

கேடிக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2023இல் உலாவியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி 2 நெறிமுறையைத் தாக்கிய ரேபிட் ரீசெட் சிக்கல் (கோரிக்கைகளை அனுப்பி உடனே ரத்துசெய்து சேவையகத்தைத் திணறடிப்பது) கோ மொழியின் நூலகத்தையும் பாதித்தது. அந்த நூலகம் கேடிக்குள்ளேயே பிணைந்திருப்பதால், இயங்குதளத்தின் பிற நூலகங்களைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, கேடியையே புதுப்பித்தாக வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தானியங்கிப் புதுப்பிப்பு, வெளித் தொகுப்பகங்களை (பிறர் நடத்தும் மென்பொருள் களஞ்சியங்களை) இயல்பாகத் தொடுவதில்லை. கேடியின் தொகுப்பகத்தை அந்தப் புதுப்பிப்புக்கு உரியவற்றின் பட்டியலில் நாமேதான் சேர்க்க வேண்டும்.