கார்னர்பேக்கும் காலிக் கட்டமும்

குளிர்காலத்தில் என் ஞாயிற்றுக்கிழமை வேலை இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது பகல் ஒரு மணி. அங்கே அமெரிக்கக் கால்பந்தின் அன்றைய முதல் ஆட்டங்கள் ஆரம்பமாகும் நேரம். கோவையில் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, அந்த ஆட்டங்களின் வீடியோவை நகர்வு நகர்வாக நிறுத்திப் பார்த்துக் கணினியில் கட்டங்களை நிரப்புவது எங்கள் தொழில். பந்து எங்கே இருந்தது, எத்தனை கெஜம் தேவைப்பட்டது, யாரை நோக்கி வீசினார்கள், பக்கத்தில் நின்று தடுத்தவர் யார், முடிவு என்ன. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் நூற்றைம்பது வரிகள். ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். அந்த முட்டை வடிவப் பந்தை ஒருநாளும் கையில் தொட்டதில்லை.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்தது கார்னர்பேக் என்ற இடம். மைதானத்தின் அகலம் 53 கெஜத்துக்குச் சற்று அதிகம். அதன் இரண்டு ஓரங்களிலும் தற்காப்பு அணி ஓரத்துக்கு ஒருவராகக் கார்னர்பேக்கை நிறுத்துகிறது. எதிரே நிற்கும் ரிசீவருக்கு, அதாவது வீசும் பந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு, தான் எங்கே ஓடப்போகிறோம் என்று தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடிக்கொண்டே ஊகிக்க வேண்டும். முதல் ஐந்து கெஜத்தைத் தாண்டிவிட்டால் கை வைக்கவும் கூடாது. ரிசீவர்கள் மூன்று பேராக வரும்போது உள்பக்கத்தில் இன்னொரு கார்னர் வேண்டும். அவரை நிக்கல் என்பார்கள். இப்போதெல்லாம் பெரும்பாலான நகர்வுகளில் அந்த மூன்றாமவரும் களத்தில் இருக்கிறார். ஆகவே ஓர் அணி இரண்டு நல்ல கார்னர்களை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

எங்கள் குழுத் தலைவர் கல்லூரி நாட்களில் கபடி ஆடியவர். அங்கும் அவர் இடது கார்னர்தான். "அங்கே கார்னர் என்றால் பிடிக்க வேண்டும், இங்கே பிடித்தால் தண்டனை. அவ்வளவுதான் தம்பி வித்தியாசம்" என்று நான் சேர்ந்த முதல் வாரத்தில் சொன்னார். அது பாதி உண்மைதான் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

மீதிப் பாதியை அவர் எனக்குக் காட்டியது மூன்றாவது ஆண்டில், ஒரு கல்லூரி ஆட்டத்தின் வீடியோவை வைத்து. நாற்பது கெஜத்துக்கு ஒரு நீண்ட வீச்சு, டச்டவுன்: பந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது. எங்கள் தாளில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ரிசீவருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த கார்னரின் எண்ணை அதில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அரை மணி நேரத்தில் தாள் திரும்பி வந்தது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சார் உட்கார்ந்தார். வீடியோவைப் பந்து நகர்வதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பந்தைப் பார்க்காதே. காலைப் பார்."

கார்னர் ரிசீவருக்கு நேர் எதிரே நிற்கவில்லை. ஓரடி வெளிப்பக்கமாக, இடுப்பை உள்பக்கம் திருப்பி நின்றிருந்தார். வெளியே போகும் வழியை அடைத்துவிட்டு, உள்ளே போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறார். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் அப்படி நிற்பார். அந்த ஒருவர் சேஃப்டி, எல்லோருக்கும் பின்னால் நின்று கடைசியாகக் காப்பவர். சார் வீடியோவை மெல்ல நகர்த்தினார். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசுபவர், அதை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் பாவனை செய்தார். சேஃப்டி ஏமாந்து இரண்டடி முன்னால் வைத்தார். அந்த இரண்டடிக்குள் ரிசீவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார். கார்னர் ஓடியதெல்லாம் அடுத்தவர் விட்ட இடத்தை மூடுவதற்காக.

"கடைசியில் பந்துக்குப் பக்கத்தில் இருப்பவன்தான் படத்தில் மாட்டுவான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மூன்று ஆண்டுகளில் இப்படி எத்தனை பேர் தலையில் எழுதியிருப்பேன் என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது. கீழே இறங்கிப் போனேன். எங்கள் ஊரில் டீக்கடை என்றாலே பேக்கரிதான். எங்கள் தெரு முனையில் இருப்பது விடிகாலை நாலு மணிக்கே திறந்துவிடும். இரண்டு டீ குடித்தும் அந்தக் கார்னரின் இடுப்பு மனதை விட்டுப் போகவில்லை.

சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் முடிந்துவிட்டால் ஆகஸ்ட் வரை எங்களுக்கு வேலை குறைவு. அந்த நாட்களில் சார் பயிற்சிக்காக ஏதாவது கொடுப்பார். 2024 பிப்ரவரியில் கொடுத்தது இது: ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் கார்னர்களை மட்டும் சீசன் முழுக்கப் பார், அடுத்த சீசனுக்கு அந்த இடத்தை எப்படிக் கட்டுவாய் என்று ஒரு பக்கம் எழுது. யாருக்கும் அனுப்பப்போவதில்லை, எங்களுக்குள் விவாதிக்க மட்டும்.

ஈகிள்ஸ் அப்போது நல்ல பாடமாக இருந்தது. 2023 சீசனில் முதல் பதினொரு ஆட்டங்களில் பத்தை வென்ற அணி, கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று, முதல் பிளே-ஆஃப் ஆட்டத்திலேயே டேம்பா பேயிடம் 32-9 என்று சுருண்டது. வீச்சுகளில் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த கெஜக் கணக்கில் 32 அணிகளில் கடைசிக்கு முந்தைய இடம். ஒரு ஓரத்தில் டேரியஸ் ஸ்லே, முப்பத்துமூன்று வயது, டிசம்பரில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. மறு ஓரத்தில் ஜேம்ஸ் பிராட்பெரி, முப்பது வயது, அதற்கு முந்தைய மார்ச்சில்தான் மூன்று ஆண்டுகளுக்கு 3.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நிக்கலில் அவாண்டே மேடக்ஸ் சீசன் தொடங்கிய இரண்டாம் வாரமே காயம்பட்டுப் போக, அந்த இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. நடுவில் தற்காப்பைத் திட்டமிடும் பயிற்சியாளரையே டிசம்பரில் மாற்றினார்கள்.

பிராட்பெரி விஷயத்தில் எனக்கு ஒரு சார்பு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 பிப்ரவரி சூப்பர் போலில், 35-35 என்று சமநிலையில், இரண்டு நிமிடம்கூட மீதியில்லாதபோது கான்சஸ் சிட்டி ரிசீவர் ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரின் சட்டையைப் பிடித்ததற்காக நடுவர் கொடி வீசியது அவர்மேல்தான். ஆட்டம் 38-35 என்று கைநழுவியது. நடுவரைக் குறைசொல்ல நாடே தயாராக இருந்த இரவில், பிடித்தது உண்மைதான், கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று அவர் நிருபர்களிடம் சொன்னார். அப்படிச் சொல்லும் மனிதரின் எண்ணைப் 'பொறுப்பு' கட்டத்தில் வாரா வாரம் எழுதுவது சங்கடமாக இருந்தது. ஆனால் 2023 வீடியோவில் அவருடைய கால்கள் சொன்னது வேறு. திரும்பும் இடத்தில் ஒரு கணம் தாமதம். முந்தைய ஆண்டில் அது இல்லை. முப்பது வயதில் கார்னர்கள் மெல்ல மெல்லத் தேய்வதில்லை. பல நேரங்களில் ஒரே கோடையில் போய்விடுகிறது.

நான் எழுதிய பக்கத்தின் முதல் வரி ஒரு பெயர்: லஜேரியஸ் ஸ்னீட். கான்சஸ் சிட்டிக்காக அந்த மாதம்தான் சூப்பர் போல் வென்றவர், வலுவான கார்னர். எப்படியாவது வாங்கிவிட வேண்டும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்பது என் வாதம். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு, 2024-ல் அது 25.5 கோடி டாலர் என்பதையும் ஓர் ஓரத்தில் குறித்திருந்தேன், பொறுப்புள்ளவன்போல.

சார் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "இவரை என்ன செய்யச் சொல்லப்போகிறாய்?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. கார்னரை வேறென்ன செய்யச் சொல்வார்கள்?

ஈகிள்ஸ் எடுத்த முதல் முடிவு ஆட்டக்காரரைப் பற்றியதே அல்ல என்பதை அதன்பிறகுதான் கவனித்தேன். ஜனவரியிலேயே விக் ஃபாஞ்சியோவைத் தற்காப்புத் திட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அறுபத்தைந்து வயது, பல அணிகளைப் பார்த்தவர். அவருடைய முறையில் இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்பார்கள். தலைக்கு மேல் பறக்கும் நீண்ட வீச்சை முதலில் அடைத்துவிட்டு, வேண்டுமானால் சின்னச் சின்ன அடியாக நடந்து வா என்று எதிரணியை விடுவார்கள். அங்கே கார்னருக்கு ரிசீவரோடு மல்லுக்கட்டும் பலத்தைவிட, சற்றுத் தள்ளி நின்று குவார்ட்டர்பேக்கின் கண்ணையும் ரிசீவரின் ஓட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் புத்தி முக்கியம். ஸ்னீட் எதிரே ஒட்டி நின்று அடக்குவதில் பெயர் பெற்றவர். நான் வீட்டைப் பார்க்காமல் கதவு வாங்கப் போயிருந்தேன்.

ஏப்ரல் 25 அன்று டெட்ராய்டில் டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது, தொடங்கியது. அந்த ஆண்டு ஒரு விசித்திரம்: முதல் பதினான்கு தேர்வுகளும் தாக்குதல் அணிக்காரர்கள், முதல் பன்னிரண்டிலேயே ஆறு குவார்ட்டர்பேக்குகள். எல்லோரும் அந்தப் பக்கம் முண்டியடித்ததில், கார்னர் ஒருவர்கூடப் போகாத நிலையில் 22-ஆம் இடம் ஈகிள்ஸிடம் வந்தது. டொலீடோ பல்கலைக்கழகத்தின் குவின்யான் மிட்செல்லை எடுத்தார்கள். கல்லூரியில் ஒரே ஆட்டத்தில் நான்கு பந்துகளை இடைமறித்தவர். சின்னக் கல்லூரி, சின்ன எதிரிகள் என்ற குறையும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது. டொலீடோவில் பெரும்பாலும் அவரைத் தள்ளி நிற்கவைத்துத்தான் ஆடினார்கள் என்பதை மற்றவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஃபாஞ்சியோவுக்கு அது தேவையான பயிற்சி. மறுநாள், இருந்த இடத்திலிருந்து மேலே ஏறிப்போய் 40-ஆவதாக அயோவாவின் கூப்பர் டிஜீனையும் எடுத்தார்கள். முந்தைய நவம்பரில் கால் உடைந்ததால் தேர்வு முகாமில் ஓடிக் காட்ட முடியாமல் போனவர்.

ஒரே இடத்துக்கு இரண்டு உயர்ந்த தேர்வுகள் வீண் என்று அன்று அலுவலகத்தில் நான் வாதிட்டேன். மூன்று பேர் தேவைப்படும் இடம் அது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அதோடு, ஸ்லேயை அவர்கள் உடனே கழற்றிவிடவில்லை. ஒரு மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இளையவர்களை இறக்கினார்கள். பிராட்பெரியைச் சேஃப்டியாக மாற்றிப் பார்த்தார்கள். காயம் அவரை அந்த சீசனில் ஆடவே விடவில்லை. டிஜீன் தசைப்பிடிப்பால் பயிற்சி முகாமில் பின்தங்கினார். அக்டோபர் நடுவில்தான் நிக்கல் இடம் அவருக்கு வந்தது. அவசரப்படவில்லை என்பதுதான் இதில் எனக்கு வியப்பு. எங்கள் அலுவலகத்தில் இரண்டு மூத்த சரிபார்ப்பாளர்கள் ஒரே மாதத்தில் போனபோது, புதிதாக வந்தவரை முதல் வாரமே இறுதித் தாளில் உட்கார வைத்தோம். அதன் பலனைத் திருத்தவே இரண்டு மாதம் ஆனது.

அந்த சீசனில் மிட்செல்லை வாரா வாரம் பார்த்தேன். லீக் ஆட்டங்கள் முழுவதிலும் அவர் ஒரு பந்தைக்கூட இடைமறிக்கவில்லை. எங்கள் தாளை மட்டும் வைத்துப் பார்த்தால் பூஜ்யம். பெயர் மறந்துபோகக்கூடிய ஆள். வீடியோவில் அப்படி இல்லை. குவார்ட்டர்பேக் முதலில் அவர் பக்கம் பார்ப்பார். ரிசீவருடைய தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள் இருக்கும். குவார்ட்டர்பேக் தலையைத் திருப்பிவிடுவார். பந்து வேறெங்கோ போகும். நாங்கள் அந்த வேறெங்கோவைத்தான் குறிப்போம். வீசப்படாத பந்துக்கு எங்களிடம் கட்டம் இல்லை. சாரிடம் கேட்டேன். "கேட்கிறவர்கள் அதற்குக் காசு தருவதில்லை தம்பி" என்றார்.

2025 பிப்ரவரி 10, திங்கள், விடிகாலை ஐந்து மணி. நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் போல், எதிரே மறுபடியும் கான்சஸ் சிட்டி. கெஜக் கணக்கில் அந்த சீசனின் முதலிடத் தற்காப்பாக ஈகிள்ஸ் வந்திருந்தது. அலுவலகத்தில் ஏழு பேர் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் கால் பகுதியில் பேட்ரிக் மஹோம்ஸ் வலப்பக்கம் ஓடிக்கொண்டே வீசிய பந்தை டிஜீன் குறுக்கே பாய்ந்து எடுத்து 38 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அவருக்கு அன்று இருபத்திரண்டாம் பிறந்தநாள். தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய முதல் இடைமறிப்பு. ஆட்டம் 40-22 என்று முடிந்தது. அந்த வரியை நிரப்ப எனக்குப் பதினைந்து நொடிகூட ஆகவில்லை. எல்லாக் கட்டத்துக்கும் விடை இருந்தது.

ஸ்னீட் என்ன ஆனார் என்று கேட்கலாம். டென்னஸி அவரை வாங்கி, நான்கு ஆண்டுகளுக்கு 7.6 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. காயத்தால் 2024-ல் ஐந்து ஆட்டங்கள்தான் ஆடினார். அதை வைத்து நான் தவறு என்று சொல்ல மாட்டேன். காயத்தை யார் முன்கூட்டி எழுத முடியும்? காயமே இல்லாவிட்டாலும் என் பக்கம் தவறுதான்.

2025 மார்ச்சிலேயே ஈகிள்ஸ் ஸ்லேயை விடுவித்துவிட்டது. அவர் பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். ஒரு ஓரம் மறுபடியும் காலி. சார் வெற்றுத் தாளை மறுபடி என் மேசையில் வைத்தார். நான் சேஃப்டிகளின் வீடியோவை முதலில் எடுத்தேன்.