குடைக்குள் விழுந்த காரைத் துண்டுகள்

நேற்று ராத்திரி 'ரிஃபிஃபி' மறுபடியும் பார்த்தேன். 1955-இல் வந்த பிரெஞ்சுப் படம். கொள்ளைப் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன, எனக்கு இன்றைக்கும் இதுதான் முதலிடம்.

ஐந்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன் டோனி. ஓயாத இருமல், கையில் காசில்லை, சீட்டாட்ட மேசையில்கூட மதிப்பில்லை. இழக்க ஒன்றுமில்லாதவன் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பாரிஸில் ஒரு நகைக்கடைக்குக் குறிவைக்கிறான்.

அந்தக் கொள்ளைக் காட்சி மட்டும் ஏறக்குறைய அரை மணி நேரம். வசனம் கிடையாது, இசையும் கிடையாது. மேல்மாடித் தரையில் சின்ன ஓட்டை போட்டு, மடக்கிய குடையை அதன் வழியாக இறக்கிக் கீழே விரிக்கிறார்கள். பெயர்ந்து விழும் காரையெல்லாம் சத்தமில்லாமல் குடைக்குள் சேர்கிறது. லேசாக அதிர்ந்தாலே அலாரம் அலறிவிடுமே! கதை தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், பெட்டகம் உடைக்கும் சீசராக நடித்தது இயக்குநர் ஜூல்ஸ் டாசினேதான். சக கலைஞர்களே கம்யூனிஸ்ட் என்று பெயர் சொன்னதால் யாரும் வேலை தரக்கூடாது என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் விழுந்து, வருஷக்கணக்கில் படமில்லாமல் இருந்தவர். இந்தப் படம்தான் அவருக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்தது. அப்படிப்பட்டவர், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பவன் வேஷத்தைத் தானே போட்டிருக்கிறார். கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கும் சீசர், டோனியின் கையிலிருக்கும் துப்பாக்கியைப் பார்க்கிற அந்தப் பார்வை... நேற்று அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.