35 டாலர் ஸ்டிக்கர்

டிசம்பர் 24, 2023

58. இவருக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்க இன்னும் மிச்சமிருக்கிற நாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மினசோட்டாவில், ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தோம். பன்னிரண்டு டிகிரி, செல்சியஸில்தான். அம்மாவிடம் சொன்னேன். "கொடைக்கானலே தேவலையாட்டம் இருக்கே" என்கிறாள்.

ஃபோர்ட் ஸ்னெல்லிங் பூங்கா. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தலைக்கு மேலே ஒன்று போனதும் அடுத்தது வருகிறது. பாப்பா பனிப் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடித்து, சேற்றில் மிதித்துக்கொண்டே வந்தாள்.

வருட ஸ்டிக்கரை இந்த மாதம் முதல் வாரம்தான் வாங்கினோம். ஒரு நாளைக்கு 7 டாலர், வருடத்துக்கு 35. ஐந்து தடவை வந்தால் முதல் தேறிவிடும் என்று இவர்தான் கணக்குப் போட்டார். கார் கண்ணாடியில் ஒட்டியாகிவிட்டது. அடுத்த டிசம்பர் வரை செல்லும்.

இன்றைக்கு இரண்டாவது தடவை.

டிசம்பர் 25

மழை. நாள் முழுக்க மழை.

டிசம்பர் 30

52. வடக்கே அப்பர் ரெட் ஏரியில் நேற்று ஐஸ் பிளந்து, மீன்பிடிக்கப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மிதக்கிற துண்டின் மேல் மாட்டிக்கொண்டார்கள். எல்லாரையும் கரை சேர்த்துவிட்டார்கள். ஐஸ் நாலு அங்குலம் இருந்தால் நடக்கலாமாம். சின்னக் கார் போக ஒன்பது, பத்து வேண்டும். இவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "அங்கே எத்தனை அங்குலம் இருந்ததாம்?" என்றார். போட்டிருக்கவில்லை.

ஜனவரி 6

45. மூன்றாவது தடவை.

பனியில் விலங்குத் தடம் பார்க்கிற நிகழ்ச்சி என்றார்கள். போனால் பனியே இல்லை. பூங்காவின் இயற்கை வழிகாட்டி, அறுபது வயதிருக்கும், கொஞ்சமும் அசரவில்லை. "சேறும் நன்றாக எழுதும்" என்று எல்லாரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய்விட்டார். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டிப் போய் விழுமாம். அதனால் தடத்தில் முன்னால் தெரிகிற பெரிய சுவடு இரண்டும் பின்னங்கால். நான் இத்தனை நாள் முயல் எதிர்த் திசையில் போனதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். நரி நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போகும். மான் எங்கே பார்த்தாலும்.

பாப்பா தன் பூட்ஸ் தடத்தைக் காட்டி "இது யாரு?" என்றாள். அந்த அம்மாள் குனிந்து, ரொம்பத் தீவிரமாகப் பார்த்துவிட்டு, "இளசு. பசியோடு இருக்கிறது. இந்த ஊர்தான்" என்றார்.

இந்த ஊர்தான். கார் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். இவர் ரேடியோவைப் போட்டார்.

ஜனவரி 9

யாரும் கூப்பிடவில்லை.

ஜனவரி 15

36. பொங்கல். இங்கே மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை.

ஒருவழியாகக் குளிர் வந்துவிட்டது. காற்றையும் சேர்த்தால் மைனஸ் முப்பது. பனி மட்டும் தூசி தட்டின மாதிரி. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே உறைந்துபோய், பால் பொங்கும்போது அதன் வழியாகத்தான் சூரியனைப் பார்த்தோம். அம்மா வீடியோவில் "பொங்கலோ பொங்கல் சொல்லுங்கோ" என்றாள். மூன்று பேரும் சொன்னோம். இவர் சத்தமாகவே சொன்னார். அப்புறம் அம்மா, "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் லீவா?" "ஆமாம்மா, இன்னைக்கு எல்லாருக்கும் லீவு." பொய் இல்லை.

மத்தியானம் இருபது நிமிஷம் பூங்காவுக்குப் போனோம். ஆற்றில் உறையாத இடத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மரம் பட்டாசு மாதிரி வெடித்தது. யாருமே இல்லை, சிக்கடீ மட்டும். கறுப்புத் தொப்பி வைத்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். ராத்திரி தன் உடம்புச் சூட்டில் பத்து டிகிரி அளவுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் பழையபடி ஏற்றிக்கொள்கிறது. பேர் வந்ததே அதன் கத்தலால்தான்: சிக்கடீ-டீ-டீ. ஆபத்து பெரிது என்றால் 'டீ' கூடும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நின்று எண்ணினேன். மூன்று. இன்னொன்று நாலு. இவர் "போதும், வா" என்றார்.

நாலு. 35 டாலரில் 28 வந்தாகிவிட்டது.

ஜனவரி 20

31.

வீட்டுக்குப் பின்னால் புதரில் காய்ந்து நின்ற கோல்டன்ராட் செடியின் தண்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு உருண்டை. பாப்பா அதைத் தண்டோடு ஒடித்து, பூங்காவுக்குக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் காட்டினாள். (பூங்காவில் எதையும் ஒடிக்கக் கூடாது. அதனால் வெளியிலிருந்து கொண்டுபோனது ஒன்றும் தப்பில்லை என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.) அவர் தன்னிடம் இருந்த இன்னொரு உருண்டையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே தக்கை மாதிரி வெளுப்பு, நடுவில் சின்னக் குழி, குழிக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் குண்டாக ஒரு புழு. ஈயின் புழு. கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம் போல ஒன்றை உடம்பே தயாரித்துக்கொண்டு இந்தக் குளிரைத் தாங்குகிறது. இலையுதிர் காலத்திலேயே தோலுக்குக் கொஞ்சம் முன்னால் வரை வழி குடைந்து வைத்துவிடுமாம். ஈயாக மாறினபிறகு கடிக்க அதற்கு வாய் கிடையாது. அதனால் வாய் இருக்கும்போதே வழி.

வீட்டுக்குள்ளே வைக்காதே என்று பாப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார். சூட்டை வசந்தம் என்று நினைத்து சீக்கிரம் வெளியே வந்துவிடும், வெளியே அதற்கு ஒன்றும் இருக்காது.

பால்கனியில் வைத்திருக்கிறோம்.

ஐந்து. முதல் தேறிவிட்டது. இனிமேல் எல்லாம் லாபம் என்றேன். இவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 24

இரண்டாவது சுற்று முடிந்தது. "நல்லா போச்சு" என்கிறார். போன தடவையும் நல்லாத்தான் போச்சு.

ஜனவரி 31

20. பதின்மூன்று டிகிரி! ஜனவரியில்! வாசலில் எல்லாரும் அரைக்கால் சட்டையோடு திரிகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. வெயிலைப் பார்த்து எரிச்சல்படுகிற ஒரே தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.

பள்ளி விட்டு வந்ததும் பாப்பா பால்கனிக்கு ஓடினாள். அந்த உருண்டை தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. இப்போது ஃபிரிட்ஜில் இருக்கிறது, தோசை மாவுக்குப் பக்கத்தில், ஊறுகாய் பாட்டிலில், தண்டோடு.

பிப்ரவரி 3

17. ராத்திரி மெழுகுவத்தி நடைக்குப் போனோம். பனிக் காலணி போட்டுக்கொண்டு போக வேண்டியது, வெறும் ஷூவோடு போனோம். வாளியில் தண்ணீரை உறையவைத்துச் செய்கிற ஐஸ் விளக்குகள் பாதி இடத்தில் இல்லை, வெறும் தகர விளக்குதான். இருந்தாலும் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆந்தை ஒன்று கூப்பிட்டது. வரிசையாக நடந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். இருட்டில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிளவுஸ் மேல் கிளவுஸ்.

பிப்ரவரி 8

சண்டை. சோபாவை விற்க விளம்பரம் போட்டிருக்கிறார், என்னிடம் கேட்காமல்.

பிப்ரவரி 10

10.

தனியாகப் போனேன். மிசிசிப்பியும் மினசோட்டா ஆறும் சேர்கிற முனை வரைக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான டக்கோட்டா மக்களுக்கு இது புனிதமான இடம். அவர்கள் வைத்த பேருக்கே தண்ணீர் சேருமிடம் என்றுதான் அர்த்தம். 1862-63 குளிர்காலத்தில் கோட்டைக்குக் கீழே, இதே ஆற்றுப்படுகையில், 1,600-க்கும் மேற்பட்ட டக்கோட்டா மக்களை அடைத்து வைத்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். தட்டம்மையில் நிறையப் பேர் போனார்கள். மிஞ்சினவர்களை மே மாதம் படகில் ஏற்றி, அவர்கள் மண்ணை விட்டே அனுப்பிவிட்டார்கள். நினைவிடத்தில் யாரோ துணி முடிச்சுகள் கட்டியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள்.

அங்கே நின்றுகொண்டு என் 10-ஐ நினைத்தேன் பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்களுக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது, டிக்கெட் விலை பார்த்தாகிவிட்டது, சென்னையில் வெயில்.

ஆனாலும் நினைத்தேன்.

பிப்ரவரி 15

பனி!!! நேற்று ராத்திரி ஆரம்பித்து விடிய விடியக் கொட்டியிருக்கிறது. கணுக்கால் மறைகிற அளவு. பாப்பா நைட்டியோடு வெளியே ஓடிவிட்டாள். 5.

பிப்ரவரி 17

ஊரே வர்த் பூங்காவில் இருக்கிறது, உலகக் கோப்பை பனிச்சறுக்கு. பக்கத்து ஆஃப்டன் ஊர்ப்பெண் ஜெஸ்ஸி டிக்கின்ஸைப் பார்க்க அவ்வளவு கூட்டம். இயந்திரம் ஊதின பனியை நம்பி வைத்திருந்த போட்டிக்கு நிஜப் பனியும் வந்து சேர்ந்தது. அவர்களுக்கு நேரம்.

நாங்கள் நம்ம பூங்காவுக்குப் போனோம். வாடகைக்கு ஸ்னோ ஷூ எடுத்தோம். முதல் பத்து நிமிஷம் வாத்து மாதிரி. என் ஒரு காலை மறு காலே மிதித்து, முகம் குப்புற விழுந்தேன். இவர் தூக்கிவிடாமல் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக. இரண்டு மாசம் ஆகிறது இந்தச் சத்தம் கேட்டு.

முயல் தடம். முன்னால் பின்னங்கால். பாப்பாதான் கண்டுபிடித்தாள்.

எட்டாவது தடவையா ஒன்பதாவதா, எண்ண மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 19

1. இன்றும் விடுமுறை, யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஃபிரிட்ஜில் இருப்பதை என்ன செய்வது என்று பாப்பா கேட்டாள். எடுத்த இடத்திலேயே கட்டிவிட்டு வரலாம் என்றேன். பூக்கட்ட ஊரிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். முழங்காலளவு காய்ந்த தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் கொஞ்சம் பனி. எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது. அவள் ஒன்றைக் காட்டி, இதுதான் என்கிறாள்.