திருவெறும்பூர்க்காரி டெக்சஸில் வாங்கிய கைத்துப்பாக்கி

டெக்சஸுக்குக் குடிவந்த புதிதில், வெள்ளிக்கிழமை மாலை ஒன்றில் கோயிலுக்குப் போயிருந்தோம். செருப்பு விடும் அலமாரிக்கு மேலே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் இரண்டு அறிவிப்புகள் மாட்டியிருந்தார்கள். மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 30.06ஆம் பிரிவின்படி, உரிமம் உள்ளவரும் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்றது ஒன்று. வெளியே தெரியும்படி கொண்டு வரக்கூடாது என்றது 30.07ஆம் பிரிவைச் சொன்ன மற்றொன்று. கையில் அர்ச்சனைத் தட்டோடு அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையாரைப் பார்க்க வருகிறவரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாம் என்று எண்ணி ஏற்பாடு செய்ய வேண்டிய ஊருக்கு வந்துவிட்டோமே என்று, வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பாக இருந்தது.

இத்தனைக்கும் நான் துப்பாக்கிக்கு அந்நியப்பட்டவள் அல்ல. திருச்சியை அடுத்த திருவெறும்பூரில், 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையின் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தார். ராணுவத்துக்குப் போகும் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கிகளின் உறுப்புகளை கேஜ் என்ற அளவுக்கருவி வைத்து அளந்து, தேறியதைத் தனியாகவும் தேறாததைத் தனியாகவும் பிரிப்பதில் அவருடைய பணிக்காலம் முழுவதும் கழிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் துப்பாக்கி என்று ஒன்று இருந்ததே இல்லை. அது அரசாங்கச் சொத்து. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது. ஊரில் உரிமத்தோடு வைத்திருந்த ஓரிரு பெரிய வீட்டுக்காரர்களும், தேர்தல் அறிவித்தவுடன் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்புவார்கள். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியோ நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகை. அதிகாரிகளின் இடுப்பு உறையில் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே எங்கள் வீடு நகர எல்லைக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் மேடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அடுத்த வீட்டு விளக்கு தெரியும், ஆள் தெரியாது. கணவர் வேலையாக அடிக்கடி வெளியூர் போகிறவர். இரவில் ஒருவன் வாசல் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனபோது, நான் அழைத்த காவல் வண்டி வந்து சேர்வதற்குள் நானும் மகனும் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வாங்க முடியாது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சிலருக்கே விலக்கு உண்டு. எனவே நிரந்தரக் குடியுரிமை அட்டை வந்த பிறகுதான் நான் கடைப்படி ஏறினேன்.

ஏறிய இடத்தில்தான் மனம் கசந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்பே, கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கிவிடும் குட்டித் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்து, பெண்களுக்கென்றே செய்தது, கைப்பைக்குள் அடங்கும் என்றார். அதற்கு ரோஜா நிறத்தில் ஒரு பிடி வேறு. அடுத்த கடையிலும் அதே குட்டித் துப்பாக்கி, அதே பேச்சு. சிறியது பெண்ணின் கைக்கு எளிது என்ற இந்த நம்பிக்கை முற்றிலும் தலைகீழானது. எடை குறையக் குறைய, சுட்டதும் பின்னோக்கி வரும் உதைப்பைத் தாங்க வேண்டியது சுடுகிறவரின் மணிக்கட்டே. மேலே பின்னோக்கி ஓடும் ஸ்லைடு குட்டையாக இருந்தால், அதைத் தடுத்து முன்னே தள்ளும் சுருள்வில்லை விறைப்பாக வைத்தாக வேண்டும். விறைப்பான வில்லை இழுப்பதற்குத்தான் கூடுதல் பலம் வேண்டும். பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாமல் சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியேறும் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். இயந்திரக் கூடத்தில் வேலை பார்த்தவரின் மகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்க வந்தவள் சேலையா சுடிதாரா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உன் கை எவ்வளவு பெரியது, எத்தனை முறை பயிற்சிக்கு வருவாய் என்று கேட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். எளிதாக இழுக்கும் ஸ்லைடோடு 2020இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸனின் 9 மில்லிமீட்டர் ஷீல்டு ஈஸி போன்ற நல்ல துப்பாக்கிகள் உண்டு. அதையாவது காட்டினார்களா என்றால் இல்லை.

அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். முதலில் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பளபளப்பைப் பார்க்காதேம்மா. கழற்றிப் பார். எத்தனை உறுப்பு இருக்கிறது, எது எதோடு உரசுகிறது என்று பார். மேகசினை இரண்டு முறை பார்" என்றார். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூடு. அந்த அறிவுரையை வைத்தே முழுத் தேடலும் நடந்தது.

உறுதிக்குப் பெயர் போன மூத்தது, கோல்ட் நிறுவனத்தின் 1911 என்ற கைத்துப்பாக்கி. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சுட்டும் சிக்கவில்லை என்பதால் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டு இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு மூலமான ஹை பவர் என்ற துப்பாக்கியின் வடிவமைப்பைத் தொடங்கி வைத்தவரும் அவரே என்று தெரிந்தபோது, ஊர்க்காரர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது. ஆனால் 1911 ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் முழு எஃகு, ஏழே தோட்டா. 1985இல் ராணுவத்தில் அதன் இடத்துக்கு வந்த பெரெட்டா நம்பகமானதுதான். என் விரல்களுக்கு அதன் பிடி தடித்தது. கடைசியில் நின்றது கிளாக் 19. திரைச்சீலைக் கம்பியும் ராணுவக் கத்தியும் செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக், அதற்கு முன் துப்பாக்கியே செய்யாதவர், ஆஸ்திரிய ராணுவத்துக்காகச் செய்து 1982இல் ஏற்கப்பட்டது கிளாக் 17. அதன் சற்றுச் சிறிய வடிவம் 1988இல் வந்த 19. பிளாஸ்டிக் உடல், தோட்டா இல்லாமல் சுமார் 600 கிராம், மேகசினில் 15 தோட்டா. கிளாக் 17இல் மொத்தமே 34 உறுப்புகள் என்று சொன்னபோது, அப்பா அந்த எண்ணை இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் ஒன்றில் மூன்றையும் சுட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்தேன். முதல் தோட்டா வெடித்ததும் சூடான பித்தளை உறை சட்டைக் கழுத்துக்குள் விழுந்து தோளைச் சுட்டது. காது மூடியையும் மீறி உள்ளே வந்த அந்த ஓசையும் வெடிமருந்து நெடியும் என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தொழிற்சாலைச் சோதனைத் தளத்துக்கு இந்தப்புறம் இருந்த குடியிருப்புத் தெருவில் நிறுத்திவிட்டன. காலையில் அந்த ஓசை கேட்டால் அம்மா சோற்றை வடிப்பாள். சங்கு ஊதினால் நாங்கள் பள்ளிக்குக் கிளம்புவோம். இந்த மண்ணில் வேரூன்றிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லக்கூடியவள்தான் நான்; அன்று தடுப்புக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த மேகசினை ஏற்றினேன்.

வாங்கும் வேலை எளிதாக முடிந்தது. 4473 என்ற கூட்டரசுப் படிவம், பிறகு எஃப்.பி.ஐ. 1998 முதல் நடத்தும் பின்னணிச் சரிபார்ப்பு. படிவத்தில் பிறந்த இடம் கேட்கிறார்கள். இங்கே பிறந்தவருக்கு ஊரும் மாநிலமும் எழுத இடமுண்டு; வெளியில் பிறந்தவருக்கு நாடு மட்டும்தான். திருவெறும்பூர் என்று எழுத இடம் இல்லாதது அந்த நேரத்தில் வலித்தது. ஒரு தையல் இயந்திரத்துக்குத் தவணை போடுவதைவிடச் சீக்கிரம் பெட்டி கைக்கு வந்தது.

நம்பகம் என்பது வாங்கும்போது முடிவதல்ல என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான சிக்கல்கள் மேகசினின் மேல்வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடு வளைவதாலும், உள்ளிருந்து தோட்டாவை மேலே தள்ளும் வில் சோர்வதாலும் வருபவை. எனவே மேகசின்களுக்கு எண்ணிட்டு, எது சிக்குகிறது என்று குறித்து வைக்கிறேன். தற்காப்புக்கென்று வீட்டில் வைக்கும், முனையில் குழியுள்ள தோட்டாக்களையே போதிய அளவு சுட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். பயிற்சித் தோட்டா சீராக ஓடியதால் அதுவும் ஓடும் என்று கொள்ள முடியாது. எண்ணெய் சொட்டுக் கணக்கில் போதும். மிஞ்சினால் இந்த ஊர் வெள்ளைப் புழுதி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். துப்பாக்கி விரல்ரேகைப் பூட்டுப் பெட்டியில் இருக்கிறது. குழந்தையின் கைக்கு எட்டும்படி வைப்பது இங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

ஆயுத பூஜைக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்த கையோடு இதற்கும் வைத்துவிடு என்றாள். பின்னாலிருந்து அப்பா, "குழலுக்குள் சந்தனம் போகக்கூடாது, பெட்டிக்கு வைக்கச் சொல்" என்று குரல் கொடுத்தார். பெட்டிக்கே வைத்தேன், பொரிகடலைத் தட்டு அதன் பக்கத்தில் இருந்தது.

2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் தகுதியுள்ள பெரியவர்கள் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். நானோ உரிமத்துக்கான வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நான்கு பேருக்கு முன்னால் சுட்டுக் காட்டித் தேறாத கை எனக்குத் துணை என்று என்னால் கொள்ள முடியாது. அப்பாவுக்கு இன்னும் ஒன்று தீரவில்லை. இங்கே தேர்தல் வரும்போதெல்லாம், எந்த ஸ்டேஷனில் ஒப்படைத்தாய், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார். ஒப்படைக்கத் தேவையில்லை, வாக்குச்சாவடிக்குள் கொண்டு போகத்தான் தடை என்றேன். அப்படியானால் வீட்டில் இருப்பதை யார்தான் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் அப்பா என்றேன். தொடர் எண்ணைக் குறித்துக்கொள்வதற்கு ஒரு தாளை எடுத்துவரச் சொல்லி அம்மாவை அழைத்தார்.