லயத்துப் பந்தலும் காட்டுக் கொடியும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்போம். மலையகத்து ஹப்புத்தளையில் திராட்சை என்கிறார்கள். இணுவிலில் அப்பா போட்ட முந்திரிகைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன் நான். அதனால் நண்பன் வீட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் கம்பியில் படர்ந்திருந்த கொடியைக் கண்டதும் நேராக அங்கேதான் போனேன்.

இலையே வேறு மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு இலை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், அடிப்பக்கமும் பச்சைதான். இது அகலமான இலை, வெட்டு குறைவு. திருப்பிப் பார்த்தால் வெளுத்த பஞ்சுப் படலம். நண்பனின் அம்மா ஒரு குலை பறித்துத் தந்தார்.

"கொஞ்சம் புளிக்கும் தம்பி, தோலைத் துப்பிருங்க."

பழத்தை அழுத்தியதும் தோல் விரலோடு நின்றது, சதை முழு உருண்டையாக வழுக்கி வாய்க்குள் போனது. அப்படித் தோல் கழல்வதும் பஞ்சு இலையும் அமெரிக்கத் திராட்சை இனமான லாப்ரஸ்காவின் குணம். கடையில் வாங்கும் பெரும்பாலான பழங்கள் வினிஃபெரா என்ற இன்னோர் இனம். அவற்றில் தோல் சதையோடு ஒட்டியிருக்கும்.

ஆனால் இலையையும் பழத்தையும் மட்டும் நம்பக் கூடாது. கணுவை எண்ண வேண்டும். வினிஃபெராவில் அடுத்தடுத்து 2 கணுக்களில் பற்றுக்கம்பி, அதாவது கொடி பற்றிப் படரும் சுருள், இருக்கும், 3ஆவது கணு வெறுமையாக இருக்கும். லாப்ரஸ்காவில் விடாமல் தொடரும். இந்தக் கொடியில் ஒரு கிளையில் 4 கணுவும் தொடர்ச்சி, பக்கத்துக் கிளையில் 3ஆவது வெறுமை. கலப்பினமாகத்தான் இருக்க வேண்டும். இந்தியாவில் பெங்களூர் புளூ என்று விற்கும் இசபெல்லாவும் இந்த 2 இனங்களின் கலப்புத்தான்.

மறுநாள் காட்டோரமாக நடந்தோம். "அண்ணே, காட்டுத் திராட்சை!" என்று நண்பனின் தம்பி கத்தினான். கறுத்த சின்னப் பழங்கள், இதய வடிவ இலை. பற்றுக்கம்பி இலைக்கு நேர் எதிரே கிளம்பியிருந்தது. சவ்சவ்வில் அது இலைக்காம்பின் பக்கத்தில் வரும், கொடித்தோடையில் (பேஷன் புரூட்) இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையில், வரும். எதிரே வந்தால் திராட்சைக் குடும்பம். சரி, குடும்பம் பிடிபட்டது. திராட்சையேதானா?

பூவைப் பார்த்தோம். 4 இதழ்களும் விரிந்து கிடந்தன. திராட்சைப் பூ அப்படி விரியாது. அதன் 5 இதழ்களும் நுனியில் ஒட்டியபடியே, ஒரு குல்லாய் போல மொத்தமாகக் கழன்று விழும். பழத்தைப் பிளந்தேன், விதை 1தான். திராட்சையில் பேரிக்காய் வடிவ விதைகள் வழக்கமாக 2 முதல் 4 வரை இருக்கும். ஆக இது பிரண்டைக்கு நெருங்கிய சொந்தம். பச்சைப் பிரண்டை நாக்கை என்ன செய்யும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? தம்பியின் கையில் இருந்த பழங்களை வாங்கிக் கீழே போட்டேன்.

சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவனைக் காணவில்லை. பந்தலடியில் நின்று, பிந்திப் பூத்த ஒரு கொத்தை நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். மிகச் சின்னதாய் ஒரு பச்சைக் குல்லாய் அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"அண்ணே, இதுல அஞ்சு இருக்கு!"